பட்டையில் எழுத்து மாதிரிக் கறுப்புக் கோடுகள்: கிராபிசா, வேறு சாதியா?

#1 வீரையடி

இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கத்து வீரை மரமொன்றின் பட்டையில் உள்ள பொருக்கு இலைக்கன் (பங்கசும் அல்காவும் சேர்ந்து வாழும் உயிர்). அதன் உடலான பிரிவிலி சாம்பல் கலந்த வெள்ளை, உள்ளங்கையளவு, பட்டையோடு ஒட்டினபடி. கத்தி போட்டாலும் தனியாகக் கழராது. அதன்மேல் கறுப்புக் கோடுகள். நீளம் 1 முதல் 4 மில்லிமீற்றர், அகலம் கால் மில்லிமீற்றர் வரை, சிலது கிளைவிட்டது. ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி பூசினால் எப்படியோ, அப்படி. 10 மடங்கு வில்லையில் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு வெடிப்பு தெரிகிறது.

பழைய பாடக்குறிப்பின்படி வித்தி (பங்கசின் இனப்பெருக்க நுண்துகள்) நிறமற்று, குறுக்குச்சுவர் மட்டும் இருந்தால் கிராபிஸ் என்ற சாதி. இதிலே நிறமற்ற வித்தியும் இருக்கு, கபில வித்தியும் இருக்கு. கனக்க வித்திகளில் குறுக்குச்சுவர் மட்டும். ஒன்றிரண்டில் நெடுக்குச்சுவரும் தெரியுது. அந்தக் குறிப்பை நம்பினால் ஒரே கோட்டுக்குள் மூன்று சாதி! எங்கே பிழை?

#2 கைவில்லை

பிழை குறிப்பில். அது 1880களின் முறை. முல்லர் ஆர்கோவியென்சிஸ் அந்தக் காலத்தில் இந்தக் கூட்டத்தை வித்தியை வைத்தே நான்காகப் பிரித்தார். நிறமற்று, குறுக்குச்சுவர் மட்டும் என்றால் கிராபிஸ். நிறமற்று, செங்கட்டிச் சுவர் போலக் குறுக்கும் நெடுக்கும் என்றால் கிராபினா. கபிலமும் குறுக்குச்சுவரும் பேயோகிராபிஸ். கபிலமும் செங்கட்டியும் பேயோகிராபினா. பெட்டி போட்டு அடுக்கச் சுகமான முறை, அதனால்தான் நூறு வருசத்துக்கு மேல் ஓடியது. ஆனால் நெருங்கிய உறவான இனங்களை அது வேறு வேறு பெட்டியில் போட்டது, தூரத்து இனங்களை ஒன்றாக வைத்தது.

2002இல் ஸ்டைகர் குடும்பம் முழுவதையும் திருப்பி அடுக்கினார். அதற்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது வித்தியின் சுவரை அல்ல, லிரெல்லாவின் சுவரை. லிரெல்லா என்றால் நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புக் கோடு: நீண்டு ஒடுங்கின கனியுடல். இரண்டு பக்கமும் எழும்பி நிற்பவை உதடுகள். வெட்டிப் பார்த்தால் உதட்டிலிருந்து அடிவரை ஒரு விளிம்புச்சுவர், நடுவில் வித்திகள் உருவாகிற வித்திப்படை. கிராபிசில் அந்தச் சுவர் கரிபோலக் கறுத்திருக்கும். வித்தி நிறமற்றது, அதன் அறைகள் வில்லை வடிவம், அயடீனில் நீலஊதா. செங்கட்டி வித்தியா, குறுக்குச்சுவர் வித்தியா என்பது இப்போது சாதிக்குள்ளே இனம் பிரிக்கிற விசயம் மட்டும். ஆகவே கிராபினா என்ற பெட்டியை மறந்துவிடுங்கோ.

முகவரி இப்படி: பங்கசு இராச்சியம், அஸ்கோமைக்கோற்றா, லெக்கனோரோமைசீற்றசு வகுப்பு, கிராபிடேசியே குடும்பம். வருணத்தைச் சிலர் ஒஸ்ட்ரோபேல்ஸ் என்பார்கள், சிலர் கிராபிடேல்ஸ் என்று தனியாக எடுப்பார்கள். குடும்பத்தில் 2000க்கு மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் அயனமண்டலத்துப் பட்டைகளில். முன்பு வேறு குடும்பமாக வைத்திருந்த, வட்டத் துளை போலக் கனியுடல் உள்ளவையும் இப்போது இதற்குள்தான். அதனால் கோடு இருந்தால்தான் கிராபிடேசியே என்றும் நினைக்க வேண்டாம்.

#3 கொல்லிமலை

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவன். சாதி, இனம், பிரிவிலி என்பவை இங்கே உள்ள சொற்களோடு குழம்புகின்றன. பேரினம், சிற்றினம், தாலஸ் என்றே எடுத்துக்கொள்ளலாமா?

#4 உயிரியல்வாத்தி

ஓம். எங்கட பாடப்புத்தகத்தில் சாதி எண்டால் உங்கட பேரினம், இனம் எண்டால் சிற்றினம். பங்கசு உங்களுக்குப் பூஞ்சை, அல்கா பாசி, இலைக்கன் லைக்கன். கபிலம் பழுப்பு. நுணுக்குக்காட்டி எண்டால் நுண்ணோக்கி, வழுக்கி எண்டால் அதில வைக்கிற கண்ணாடித் தகடு. வருணம் உங்கட வரிசை; ஆளைப் பிரிக்கிற வருணம் இல்லை.

பெயரின் கதையும் சேர்த்துச் சொல்லலாம். லின்னேயசு 1753இல் எல்லா இலைக்கனையும் ஒரே சாதிக்குள் போட்டபோது இதற்கு லைக்கன் ஸ்க்ரிப்டசு எண்டு பெயர் வைத்தார், எழுதப்பட்டது எண்ட பொருளில். கிராபிஸ் எண்ட சாதியை அடன்சன் 1763இல் நிறுவினார். 1809இல் அக்காரியசு இரண்டையும் சேர்த்துக் கிராபிஸ் ஸ்க்ரிப்டா ஆக்கினார். அதுதான் சாதியின் மாதிரி இனம். ஆனால் அது குளிர்நாட்டு இனம். வன்னிப் பக்கத்து மரமொன்றில கோடு கண்டவுடன் அந்தப் பெயரை எழுதிற பழக்கத்தை விடவேணும். பள்ளிக்கூடச் செயற்றிட்டக் கொப்பி பாதிக்கு மேல் அதுதான் கிடக்குது.

#5 கனகராயன்கரை

வீரையடி, வெட்டுமுகம் போட்டீங்களா, அல்லது லிரெல்லாவை நசுக்கி வித்தி பார்த்தீங்களா? கேள்வியைப் பார்த்தால் நசுக்கினது போலத்தான் இருக்கு. நசுக்கினால் வித்தி கிடைக்கும், சுவர் போய்விடும்.

வெட்டுகிற விதம்: மாதிரியில் நடுவயது லிரெல்லா ஒன்றைத் தெரிவுசெய்யுங்கோ. கோட்டின் மேல் ஒரு துளி நீர் விட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கோ. காய்ந்தபடி வெட்டினால் கறுப்புச் சுவர் கண்ணாடிமாதிரி நொறுங்கும். ஊறக் கூடினால் பட்டை குழைந்து பிளேட்டோடு இழுபடும். இரட்டை விளிம்புச் சவரப் பிளேட்டைக் கடதாசி உறையோடேயே நெடுக்காக முறித்து, புதுப் பாதியால் கோட்டுக்குக் குறுக்கே, நடுப்பகுதியில் வெட்டவேணும். முதல் வெட்டு எறிவதற்கு. அதன் பக்கத்தில் தலைமயிர் தடிப்பிலும் குறைவாக அடுத்தடுத்து ஏழெட்டு வெட்டுப் போட்டால் இரண்டு பாவிக்கத் தேறும். 20, 30 மைக்கிரோமீற்றர் தடிப்புக்குள் வந்தால் காணும். ஊசி நுனியை நனைத்துத் தொட்டால் துண்டு ஒட்டிக்கொண்டு வரும். வழுக்கியில் வெறும் நீரில் வையுங்கோ. சாயம், காரம் எதுவும் முதலில் வேண்டாம்.

இப்ப சுவரைப் பாருங்கோ. அடியும் சேர்த்து முழுக்கக் கறுப்பு என்றால் குதிரை லாடம் வாய் மேலே பார்க்க நிற்கிற வடிவம். பக்கங்கள் மட்டும் கறுப்பு, அடி வெளிறல் என்றால் எதிரெதிரே இரண்டு அடைப்புக்குறி. உதட்டு நுனி மட்டும் கறுப்பு என்றால் இரண்டு தொப்பி. இனம் பிரிக்க இந்த மூன்றும் முக்கியம்.

எல்லாரும் விழுகிற குழி: கோட்டின் முனைக்குக் கிட்ட வெட்டுவது. அங்கே முனைச்சுவரையே சரிவாக வெட்டுவீர்கள். அடி வெளிறினதாக இருந்தாலும் முழுக்கக் கறுப்பு மாதிரித் தெரியும். இரண்டு லிரெல்லாவின் நடுவில் வெட்டி ஒரே படம் வந்தால் மட்டும் எழுதுங்கோ.

#6 வீரையடி

நசுக்கினதுதான், கனகராயன் அண்ணை. இன்றைக்கு வெட்டினேன். அடைப்புக்குறி வடிவம், இரண்டு லிரெல்லாவிலும் ஒன்றுதான். அடி வெளிறல் கபிலம். உதட்டின் மேல் நெடுக்கு வரி ஒன்றுமில்லை, வழவழப்பு. ஆனால் பெரிய லிரெல்லா ஒன்றில் ஒரு வரி இருப்பது போல ஒரு சந்தேகம்.

#7 கைவில்லை

அந்தச் சந்தேகத்தை விடாதீங்கோ, அதுதான் மற்றக் குழி. உதடு வழவழப்பா, நெடுக்கு வரி உள்ளதா என்பது இந்தச் சாதியில் பெரிய பிரிப்பு. வரி எப்படி வருகிறது என்றால், லிரெல்லா ஒருமுறை வளர்ந்து நின்று, உள்ளே இருந்து புதுச் சுவரோடு திரும்ப வளரும். பழைய உதடு வெளியே ஒதுங்கும், இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம். வெட்டுமுகத்தில் விசிறி மடிப்பு மாதிரித் தெரியும். ஆகவே இளசில் வரி இருக்காது. இளசை மட்டும் பார்த்து வழவழப்பு என்று எழுதினால் இனம் முழுக்கத் தவறிப்போகும். பிரிவிலியின் நடுப்பகுதியில் உள்ள முதிர்ந்த லிரெல்லாக்கள் அஞ்சாறை எடுத்து வில்லையில் சரித்த வெளிச்சத்தில் பாருங்கோ. மேலிருந்து நேரே விழுகிற வெளிச்சத்தில் வரி ஒளிந்துவிடும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் காணும்.

கபில வித்தியைப் பற்றி: முதிர்ந்து செத்த வித்தி கிராபிசிலும் கபிலமாகும், கசங்கியும் இருக்கும். அஸ்கசுக்குள், அதாவது வித்திகள் உருவாகிற பைக்குள், நிற்கிற நல்ல வித்தி என்ன நிறம் என்பதுதான் கணக்கு. அதேபோல இளம் செங்கட்டி வித்தியில் முதலில் குறுக்குச்சுவர்தான் விழும், நெடுக்கு பிறகுதான். கனக்க வித்தியில் குறுக்கு மட்டும், ஒன்றிரண்டில் நெடுக்கும் என்று நீங்கள் சொன்னது அதனாலேயாய் இருக்கலாம். அப்படியென்றால் அந்த ஒன்றிரண்டுதான் முதிர்ந்தவை. அஸ்கசுக்கு வெளியே, முழு வடிவில் கிடக்கிற வித்தி குறைந்தது 15 அளந்து, எத்தனை குறுக்கு, எத்தனை நெடுக்கு என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கோ. அளக்கிறது நீரில். காரத்தில் வித்தி ஊதிப்போகும். கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனியாகச் சரிபார்க்க வேணும். 10இல் சரிபார்த்ததை 40க்கு நாலால் பிரிக்கிற கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு.

#8 பட்டைதேடி

அயடீனைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. அதில்தான் கிராபிசும் அதன் போலிகளும் பிரியும்.

லூகோல் கரைசல் செய்ய: பொற்றாசியம் அயடைட்டு 1.5 கிராமைக் கொஞ்ச நீரில் முதலில் கரைக்க வேண்டும். அதற்குள் அயடீன் 0.5 கிராம். கரைந்த பிறகு நீர் சேர்த்து 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள். வெறும் நீரில் அயடீனைப் போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும், மேலே உள்ள வெளிறல் நீரை வைத்துத் தாக்கம் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். கபிலநிறப் போத்தலில் இருட்டில் வையுங்கள்.

மூடித்துண்டின் ஒரு கரையில் ஒரு துளி விட்டு, மறுகரையில் வடிதாள் வைத்து உறிஞ்சச் செய்யுங்கள். கிராபிஸ் வித்தி நீலஊதா ஆகும். கடும் கரைசல் என்றால் எல்லாமே கருங்கபிலமாகத் தெரியும், அப்போது நீரால் கழுவிப் பாருங்கள், நீலம் வெளிவரும். மிக முக்கியம்: காரம் பட்ட துண்டில் அயடீன் விடக்கூடாது. சில அமைப்புகள் காரம் பட்ட பிறகுதான் நீலமாகும், உங்கள் விடை பொய்யாகிவிடும். இரண்டு சோதனை, இரண்டு வழுக்கி.

போலிகள்: ஒபெகிராபா. அதற்கும் கறுப்பு லிரெல்லா, அதற்குள்ளும் கிராபிசில் உள்ள அதே செம்மஞ்சள் அல்கா. ஆனால் அது ஆர்தோனியேல்ஸ் வருணம், ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வித்தி அறை வில்லை வடிவமில்லை, அயடீனில் நீலமாகாது. வித்திப்படையில் உள்ள இழைகள் கிளைவிட்டு வலைபோலப் பின்னியிருக்கும். கிராபிசில் அவை நேராக, தனித்தனியாக நிற்கும். பேயோகிராபிஸ்: லிரெல்லா வாய் திறந்து கபிலமோ கறுப்போ தட்டு தெரியும், வித்தி கபிலம், அயடீனில் செங்கபிலம். டையோரிக்மா: சுவர் கறுக்காது, மேலே வெள்ளை மாப்பூச்சு, அயடீனில் வித்திப்படையே நீலமாகும். பிசுரினா: பட்டையில் கீறல் விட்டது போல, கறுப்பே இருக்காது. வீரையடியின் மாதிரிக்குக் கடைசி மூன்றும் பொருந்தாது.

இலைக்கனே இல்லாத போலியும் உண்டு. வேலிக் கதியால் செத்துக் காய்ந்ததில் தோணி வடிவில் கறுப்பு வெடிப்புகள் வரும், வெறும் பங்கசு. அடியில் பிரிவிலி இல்லை, அல்கா இல்லை.

#9 உயிரியல்வாத்தி

அல்காவைப் பார்க்க நுணுக்குக்காட்டியும் தேவையில்லை. ஈரமான பிரிவிலியை ஊசியால் மெதுவாகச் சுரண்டினால் மஞ்சட்பச்சை, சில நேரம் நல்ல செம்மஞ்சள். அது ட்ரென்டெபோலியா. பச்சை அல்காதான், ஆனால் கலத்துக்குள்ளே கரொட்டினொயிட் நிறப்பொருள் சேர்ந்து செம்மஞ்சளாகும். மழைக்காலத்தில ஈரச் சுவரில் தனியாகவே செம்மஞ்சளாய்ப் படர்ந்து நிற்கிறதும் அந்தச் சாதிதான். கடித உறையில் வைத்த மாதிரியில் அந்த நிறம் நாளடைவில் போய்விடும். ஆகவே சுரண்டல் நிறத்தை எடுத்த அன்றே குறியுங்கோ.

#10 கனகராயன்கரை

அலோகிராபா என்ற சாதியை மறந்திட்டீங்கள், கைவில்லை. 2018இல் லூக்கிங்கும் கல்பும் கிராபிசை இரண்டாக உடைத்து, செவாலியே 1824இல் வைத்த பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். தடித்த, உயர்ந்து நிற்கிற லிரெல்லா, பெரிய வித்தி, வித்திப்படைக்குள் எண்ணெய்த்துளிகள்: இவை கூடி வந்தால் பெரும்பாலும் அலோகிராபா. ஒல்லியான லிரெல்லா, சின்ன வித்தி, தெளிந்த வித்திப்படை என்றால் கிராபிஸ்.

#11 கைவில்லை

மறக்கவில்லை, தள்ளிவைத்தேன். அந்தப் பிரிப்பு மரபணு மரத்தில் தெளிவு, கண்ணுக்குத் தெளிவில்லை. இரண்டு கிளையும் ஒன்றுக்கொன்று உடனடிச் சகோதரம் இல்லை என்பதால்தான் பிரித்தார்கள். உருவத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. ஒல்லியான அலோகிராபாவும் உண்டு, தடித்த கிராபிசும் உண்டு. கையில் வழுக்கி மட்டும் வைத்திருக்கிறவர், முதலில் பழைய பரந்த கருத்தில் கிராபிஸ் என்று எழுதி, குணங்களை முழுக்கப் பதிந்து, அதன்பிறகு பிரிக்கிறதுதான் ஒழுங்கு.

#12 கனகராயன்கரை

ஒழுங்கு சரி. ஆனால் எண்ணெய்த்துளியை முதலே பதியாவிட்டால் பிறகு பார்க்க ஏலாது. அதை நீரில்தான் பார்க்கவேணும். காரத்தில் மங்கலெல்லாம் தெளிந்துபோகும், இருந்ததும் இல்லாததாகும். காற்றுக்குமிழிக்கும் துளிக்கும் வித்தியாசம்: குமிழி பெரிது, கரை தடித்த கறுப்பு, அழுத்தினால் ஓடும். எண்ணெய்த்துளி வித்திப்படை முழுக்கத் தூசிபோல, அழுத்தினாலும் அங்கேயே நிற்கும். அடர்த்தியாய் இருந்தால் வித்திப்படையே மூடுபனி மாதிரி, வித்தி சரியாய்த் தெரியாது.

இந்த விசயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் கைவில்லை. வித்தி 100 மைக்கிரோமீற்றரைத் தாண்டி, செங்கட்டிச் சுவரோடு, தடித்த லிரெல்லாவில் இருந்தால் பரந்த கருத்து என்று பதுங்குவது வீண்.

#13 கைவில்லை

அந்தளவு பெரிது என்றால் நானும் அலோகிராபா என்றுதான் எழுதுவேன். வீரையடியின் அளவு வரட்டும்.

#14 பட்டைதேடி

அளவு வருவதற்குள் காரச் சோதனை. பொற்றாசியம் ஐதரொட்சைட்டு 10 கிராமை நீரில் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள். காரக் கட்டியை நீருக்குள் போட வேண்டும், நீரைக் கட்டி மேல் ஊற்றக்கூடாது, சூடாகித் தெறிக்கும். கண்ணுக்குக் கவசம். பிளாஸ்டிக் போத்தலில் இறுக்க மூடுங்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிச் சில மாதத்தில் வலுக்குறையும், அதைக் கொண்டு எடுத்த "இல்லை" என்ற விடைக்கு மதிப்பில்லை.

பிரிவிலியின் மெல்லிய துண்டை வழுக்கியில் காரத்தில் வைத்து, மூடித்துண்டு போட்டு 10 மடங்குப் பொருள்வில்லையில் கரையோரமாகப் பாருங்கள். மஞ்சள் கசிந்து, சில நிமிடத்தில் சிவப்பு ஊசிகள் கொத்துக்கொத்தாக முளைத்தால் நோர்ஸ்டிக்டிக் அமிலம். மஞ்சள் கசிந்து செம்மஞ்சளோடு நின்றால் ஸ்டிக்டிக் அமிலம் என்று சந்தேகிக்கலாம். சலசினிக் அமிலமும் சிவப்பாகும். உறுதியாகப் பிரிக்க மென்படை நிறப்பகுப்பு வேண்டும். பட்டையில் நேரே துளி விட்டால், பட்டையின் தனின் கபிலமாக ஊறி மேலே வரும், அதைச் சிவப்பென்று எடுத்துக்கொள்வார்கள். பொருள்வில்லையின் நுனியில் காரம் பட்டால் உடனே துடைக்க வேண்டும்.

புறஊதா: 365 நானோமீற்றர் விளக்கு. பிரிவிலி பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தால் லிக்செந்தோன். கடையில் மலிவாக விற்கிற 395 விளக்கின் ஊதா வெளிச்சம் வெள்ளைப் பிரிவிலியில் தெறித்து ஏமாற்றும்.

#15 உயிரியல்வாத்தி

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மாதிரி எடுக்கப் போறவைக்கு. கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்தில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும். பலகை விழுந்தும் கிடக்கலாம். பாவனையில் உள்ள பாதையை விட்டு ஒரு அடியும் வேண்டாம், மரம் பத்து அடியில் நிண்டாலும் வேண்டாம். ஒதுக்கக் காட்டுக்குள் எண்டால் அனுமதி எடுத்துத்தான் போகவேணும். உண்மையில் காட்டுக்குள் போகவே தேவையில்லை. வளவுக்குள்ள மா, தென்னை, கமுகு, வாய்க்கால் கரை மரங்கள் போதும்.

எந்த மரம் எண்டதும் முக்கியம். பட்டை வழவழப்பாய், உரியாமல், அரைநிழலில் ஈரம் தங்கினால்தான் கிராபிஸ் நிற்கும். குளக்கட்டு மருதில் தேடினால் ஏமாற்றம், பட்டை தகடு தகடாய் உரிஞ்சு விழ இலைக்கனும் கூடவே விழும். முதிர்ந்த பாலையில் பட்டை ஆழமாய் வெடிச்சிருக்கும், வேறு இலைக்கன் கிடைக்கும், கிராபிஸ் அருமை. அதே பாலையின் இளங்கொப்பைப் பாருங்கோ.

வெட்டுறது பட்டையின் மேற்தோல் மட்டும், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் துண்டு. பச்சை தெரிஞ்சால் ஆழம் கூடிப்போச்சு. மரத்துக்குக் காயம், மாதிரியும் காயேக்க சுருண்டு வெடிக்கும். பொலித்தீன் பை வேண்டாம். மார்கழி மழைக்குள்ள ஒரு இரவிலேயே பூஞ்சணம் பிடிக்கும். கடதாசி உறை, நிழலில் காயவைப்பு, பிறகு உறைகுளிர்ப்பெட்டியில் ஒரு கிழமை, பூச்சிக்கு.

#16 வீரையடி

முடிவுகள். நல்ல வித்தி 18 அளந்தேன்: நீளம் 24 முதல் 33, அகலம் 9 முதல் 12 மைக்கிரோமீற்றர். அஸ்கசுக்குள் எல்லாம் நிறமற்றவை, ஒரு அஸ்கசில் 8. முதிர்ந்த 11இல் குறுக்குச்சுவர் 7, நெடுக்கு 1 அல்லது 2. மீதி 7 இளசு, குறுக்கு மட்டும். கபிலமானவை எல்லாம் கசங்கினவை. அயடீனில் நீலஊதா. வித்திப்படை நீரில் தெளிவு. காரத்தில் 4 நிமிடத்தில் சிவப்பு ஊசி. 365இல் ஒளிர்வு இல்லை. சரித்த வெளிச்சத்தில் ஆறு முதிர்ந்த லிரெல்லா பார்த்தேன், வரி இல்லை. முன்பு கண்டது ஒரு கீறல்.

#17 கனகராயன்கரை

சின்னச் செங்கட்டி வித்தி, தெளிந்த வித்திப்படை, ஒல்லி லிரெல்லா. கிராபிஸ். எனக்கும் கைவில்லைக்கும் சண்டை இல்லை இந்தமுறை.

#18 கைவில்லை

ஒத்துக்கொள்கிறேன். பழைய குறிப்பில் இது கிராபினாவாக இருந்திருக்கும். இனத்துக்கு, அடையாளம் காணும் திறவுகோலில் நுழையிற வழி: உதடு வழவழப்பு, பக்கச்சுவர் மட்டும் கறுப்பு, செங்கட்டி வித்தி, நோர்ஸ்டிக்டிக். ஒன்று மட்டும் மிச்சம். லிரெல்லா பிரிவிலிக்குள் புதைந்திருக்கா, பாதி எழும்பி நிற்கா, முழுக்க மேலேயா. பக்கங்களில் பிரிவிலி ஏறி மூடியிருக்கா? வெட்டுமுகப் படத்தைப் போடுங்கோ, அதிலேயே தெரியும்.

#19 வீரையடி

பாதி எழும்பினது. பிரிவிலி உதட்டின் அரைவாசி உயரம் வரை ஏறியிருக்கு, மேல் நுனி வெறும் கறுப்பு. உறையில் இப்படி எழுதியிருக்கிறேன்: கிராபிஸ், இனம் தீர்மானிக்கவில்லை. வீரைப் பட்டை, நெடுங்கேணி, தெருவோரம், அரைநிழல். சுரண்டல் நிறம் மஞ்சட்பச்சை.

#20 உயிரியல்வாத்தி

நிலத்திலிருந்து எத்தனை அடி உயரம், மரத்தின் எந்தப் பக்கம், என்ன திகதி? மூண்டும் இல்லை. உறையைத் திரும்ப எடுங்கோ தம்பி.